அம்மா போட்ட ஆதி தாளம்

நான் வாசிக்கும் இசையை என் வீட்டார் கேட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பியானோ வாசிக்கிறேன், வெளிநாட்டில் கச்சேரி செய்கிறேன், கைதட்டுகிறார்கள். எங்கள் நீடாமங்கலத்துப் பக்கம் அவ்வளவு தெரிந்தால் போதும். நான் வாசிப்பதெல்லாம் இன்று உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்கள் எழுதியவை. முணுமுணுக்க மெட்டு இருக்காது, தாளம் ஒரு நிலையில் நிற்காது. சில இடங்களில் எழுந்து நின்று பியானோவுக்குள் கையை விட்டுக் கம்பிகளைச் சுண்ட வேண்டும். இதையெல்லாம் அம்மாவிடம் போனில் எப்படிச் சொல்வது?

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி அரங்கில் வாசிக்க ஒப்புக்கொண்டதும் அந்த நிம்மதி போயிற்று. சம்பா நடவு முடிந்து எல்லோரும் கை ஓய்ந்திருந்த நேரம். அம்மா வேன் பேசிவிட்டாள். முன் சீட்டில் என் அத்தை, அப்பாவின் அக்கா. பேங்க் வேலையை விட்டுவிட்டு நான் பியானோ படிக்கப் போனதிலிருந்து அத்தைக்கு ஒரே பேச்சுதான்: "பொட்டியத் தட்டுறதுக்கா இவ்வளவு படிப்பு?" அம்மாவும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்லி வந்தாள்: "ஒரு நாள் வந்து கேளுங்க அண்ணி, அப்புறம் பேசுங்க." அந்த ஒரு நாள் வந்துவிட்டது. என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாதியில் எழுந்து போனவர்கள் முன்னாலும் வாசித்திருக்கிறேன். அம்மா தலைகுனிந்து வேனில் திரும்பக்கூடாது, அவ்வளவுதான்.

"அம்மா, இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்" என்றேன் அரங்கின் வாசலில்.

"எங்களுக்குத் தெரியாத பாட்டா? தை மாசமானா திருவையாத்துல யாரு போய் உக்காந்திருக்கா?" என்றாள். பட்டுப்புடவை சரசரக்க முன்வரிசைக்குப் போய் அத்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆரம்பித்தேன். முதல் நிமிடத்திலேயே கம்பிகளைச் சுண்ட எழ வேண்டியிருந்தது. "ரிப்பேராயிடுச்சு போலருக்கு" என்று சித்தப்பா சொன்னது மேடைவரை கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஓரக்கண்ணால் முன்வரிசையைப் பார்த்தேன். பகீரென்றது. அம்மா தொடையில் தட்டி, விரல் எண்ணி, ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வாசித்த பகுதியில் ஐந்து, ஏழு, மூன்று என்று கணக்கு மாறிக்கொண்டே போகும். எப்போதும் எட்டே எண்ணும் ஆதி தாளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. அத்தை பார்த்துவிடுவாளே என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துச் சித்தி போட்டாள், சித்தப்பா போட்டார், கடைசியில் அத்தையே போட ஆரம்பித்தாள். வரிசை முழுக்க ஒரே சீராகத் தாளம் விழ, நான் என் ஏழையும் மூன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். எழுந்து போய் எல்லோர் கையையும் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட எரிச்சல் வந்தது. அவ்வளவு பாடுபட்டு நான் எந்த ஊரிலும் வாசித்ததில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. அதில் ஒரு நீண்ட மௌனம், பிறகு ஒரே ஒரு தட்டு, அத்தோடு முடிந்துவிடும். மௌனம் எவ்வளவு நேரம் என்பதை எழுதியவர் வாசிப்பவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார். கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். சத்தமே இல்லாத அரங்கில் அவள் மட்டும் பயந்த முகத்தோடு போட்டுக்கொண்டிருந்தாள். விரல்களை எண்ணினாள். தட்டினாள், கையைத் திருப்பினாள். மறுபடி தட்டினாள், திருப்பினாள். அடுத்தது சமம், தாளம் புதிதாகத் தொடங்கும் முதல் தட்டு. அவள் உள்ளங்கை தொடையில் விழுந்த அதே நொடியில் பத்து விரல்களையும் இறக்கினேன்.

"பலே" என்றாள் அத்தை, தன்னை மறந்து.

வெளியே எல்லோரும் வேனில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அத்தையின் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"நடுவுல தாளத்த விட்டுட்டுத் தடுமாறினியே, எனக்கு உசுரே போயிடுச்சு. நீ பாத்துப் பிடிச்சுக்கணும்னுதான் நான் கைய நிறுத்தவே இல்ல."



"நீ போட்டுக்கிட்டே இருந்ததாலதாம்மா பிடிச்சேன்" என்றேன்.