பெயர் தப்பாக அச்சான அட்டை

சித்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி எஸ்.டி.டி. பூத் நடத்திய ஜெமிமா, சிறுவயதில் பபிள்கம் உறைகளிலிருந்து சேர்த்த இருநூறு கிரிக்கெட் அட்டைகளை ஓர் ஆல்பத்தில் பத்திரமாக வைத்திருந்தாள். 2006இல் எல்லார் கையிலும் செல்போன் வந்து பூத்தில் கூட்டம் குறைந்தபோது, அவற்றைத் திருப்பதிக்கு எடுத்துப்போனாள். அங்கே பழைய நாணயமும் அட்டையும் வாங்கும் கடைக்காரர் குப்புராஜ் ஆல்பத்தைப் புரட்டினார்.

"எல்லாம் பசங்க ஆடற காயிதம்மா. மொத்தமா ஐந்நூறு தர்றேன்."

பேசிக்கொண்டே அவர் ஒரே அட்டைக்கு மூன்று முறை திரும்பி வந்தார். அதில் பந்துவீச்சாளரின் பெயர் தவறாக அச்சாகியிருந்தது. ஜெமிமா ஆல்பத்தை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

சித்தூரில் ஒரு நெட் சென்டரில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். விற்பவர்கள் கேட்கும் விலையை நம்பாமல், இணைய ஏலத்தில் உண்மையிலேயே விற்றுப்போன விலைகளை மட்டும் தேடி ஒரு தாளில் எழுதினாள். அதே பிழையுள்ள அட்டை, அரிதாகக் கிடைப்பது என்பதால், ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் போயிருந்தது. அவளுடையதில் ஒரு முனை மழுங்கியிருந்ததால் ஆறாயிரம் பெறும் என்று அவளே முடிவுசெய்தாள்.

மறுவாரம் அந்தத் தாளைக் குப்புராஜ் முன் வைத்தாள்.

"சரிம்மா, ரெண்டாயிரம். பொம்பள நீ, இத்த எங்க கொண்டுபோய் விப்ப?"

"நான் விக்க வர்லண்ணா. இதோட வெல இன்னான்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

அந்த அட்டையை இணைய ஏலத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர் ஆறாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினார். ஜெமிமா பூத் கண்ணாடியில், "கிரிக்கெட் அட்டைக்கு இலவசமாக விலை சொல்லப்படும்" என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதி ஒட்டினாள். பலமனேரிலிருந்துகூட ஆட்கள் வந்து, அவளிடம் விலை கேட்டுக்கொண்ட பிறகே திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள்.