கூரையை உடைத்த தேங்காய்

எங்கள் வீட்டு வளவின் தெற்கு மூலையில் நிற்கும் தென்னை பக்கத்து வீட்டுப் பக்கமாக ஐந்தடி சாய்ந்திருக்கிறது. அளந்துதான் சொல்கிறேன். நாற்பது வருடம் பத்திரிகையில் மற்றவர்களின் செய்திகளைத் திருத்தியவனுக்குக் 'கொஞ்சம் சாய்ந்திருக்கிறது' என்று எழுதக் கை வராது. அதன் தலை நேராகப் பக்கத்து வீட்டின் பின் அறைக்கு மேலே நிற்கிறது. தை மாதம் ஒரு நடுப்பகலில் அதிலிருந்து விழுந்த காய் அந்த அறையின் அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றை உடைத்துக்கொண்டு உள்ளே போய், வெறுமையாகக் கிடந்த கட்டிலின் நடுவில் விழுந்தது.

கட்டில் அன்றைக்கு வெறுமையாக இருந்தது. வைகாசியில் அப்படி இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரவிருந்தாள். அந்த அறையைத்தான் அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடிகாமம் சந்தையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிய லொறிச் சாரதி. ஓய்வெடுத்து மூன்று வருடமாகிறது. என்னைவிடப் பத்து வயது குறைவு. என்னை அண்ணை என்பார். என் மனைவியை, எங்கள் சிறு தெருவான ஒழுங்கை முழுவதும் கூப்பிடுவதுபோல ரீச்சர் என்பார்; அவள் கணக்குப் படிப்பித்தவள். அன்று பின்னேரம் விழுந்த காயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"சீற் போனால் போகட்டும் அண்ணை. நாளைக்குப் பிள்ளை கிடக்கப்போற இடம். மரத்தைத் தறிக்கத்தான் வேணும்."

அவர் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை. ஆனால் என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போர்க்கால இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது இந்த வளவில் தலையோடு நின்ற தென்னை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஓடு போடுவதற்கு முன்பே அவள் நட்ட கன்று இது. கூரை இல்லாத வீட்டின் முன் அவள் கன்றுக்குக் கிடங்கு வெட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எரிச்சலாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் அது நல்ல மரமில்லை. காய் சிறிது, சிரட்டை தடிப்பு, உள்ளே பருப்பு மெல்லிசு. ஒரு சொதிக்கு ஒரு தேங்காய் போதுமான இடத்தில் இந்த மரத்துக் காய் இரண்டு வேண்டும். இதை நானே பலமுறை குறையாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னது ஒன்றுதான்: அது தன்னுடைய மரம்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காயை மட்டையோடு அப்படியே தன் யன்னல் விளிம்பில் வைத்தார். ஊர் அலுவலரான விதானையாருக்குக் காட்டினார். தபால்காரருக்குக் காட்டினார். மதிலுக்கு மேலால் கறிக் கிண்ணம் போய் வருவது நின்றது. ஏறத்தாழ மூன்று மாதம் எங்கள் வீட்டில் அவர்கள் வீட்டு நண்டுக் குழம்பு மணக்கவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே கருதினேன்.

மாசிக் கடைசியில் வைரவர் கோயில் முன்றிலில் ஒழுங்கைச் சனம் கூடியது. வருடப் பிறப்பு விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு. எங்கள் ஒழுங்கையில் முதலிடம் போர்த்தேங்காய்க்குத்தான். ஒருவர் தன் தேங்காயை மண்ணில் சிறு குழி பறித்து இருத்துவார். மற்றவர் தன் தேங்காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பார். பிறகு மாறி அடிப்பார்கள். உடைந்த காய்க்காரர் தோற்றவர். இருந்த காய்தான் உடைய வேண்டும் என்றில்லை, அடித்த காயும் உடையும். பக்கத்து வீட்டுக்காரர் ஒழுங்கையில் இதில் ஆறு வருடமாகத் தோற்றதில்லை. அவருடைய காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை அவர் மனைவிக்கும் சொன்னதில்லை.

பெயர் கொடுக்கும்போது என் மனைவி எழுந்தாள். பெண்கள் போர்த்தேங்காய்க்குப் பெயர் கொடுப்பதில்லை. கூடாது என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை.

"என்ரை மரத்துக் காயும் உங்கடை காயும் மோதட்டும்," என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். "என்ரை உடைஞ்சால் அடுத்த நாளே மரம் அரியிற வாளோடை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தேத்தண்ணி நான் தாறன்."

"உடையாட்டி ரீச்சர்?"

"மரம் நிக்கும். காய் விழாமல் இருக்கிற வழியை ரெண்டு வீடுமாச் சேர்ந்து பாப்பம்."

அவர் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். முன்றில் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், லொறியைக் கணக்கு ரீச்சர் மறிக்கிறா என்றது. அவருக்கு ஓம் என்பதைத் தவிர வழி இருக்கவில்லை.

அடுத்த நான்கு கிழமைகள் நான் ஓய்வுபெற்ற பின் வாழ்ந்த நாட்களிலேயே பரபரப்பானவை. மரமேறுகிறவரைக் கூப்பிட்டு முற்றிய காய்களையெல்லாம் இறக்கினோம்; இன்னொன்று கூரையில் விழக் கூடாது என்பது பக்கத்து வீட்டுக்காரரின் நிபந்தனை. பதினொரு காய்கள். அவள் ஒவ்வொன்றாக உரித்து, காதோடு வைத்து விரல் மொளியால் தட்டினாள். ஒரு நாளில் முடிவு எடுக்கவில்லை. காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை, தட்டித் தட்டிக் கழித்தாள். கடைசியில் குடுமியோடு ஒரு காய் மிஞ்சியது. அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். கழித்த பத்தும் அடித்துப் பழகப் போயின. கொல்லைப்புறத்தில் காலையில் ஒரு தேங்காய் உடையும். மத்தியானம் சம்பலும் சொதியும் வரும். முதல் நாள் அவளுடைய அடி அரை அடி தள்ளி மண்ணில் விழுந்தது. பத்தாம் நாள் அடி நடுவில் விழுந்தது. அறுபத்தாறு வயதில் அவளுடைய மணிக்கட்டு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். வேறு வேலை தரப்படவில்லை.

வருடப் பிறப்பன்று காலை எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. அவள் மருத்துநீர் வைத்து முழுகிக் கோயிலுக்குப் போனாள். பால் புக்கை பொங்குவது என் பொறுப்பு. ஓய்வுக்குப் பிறகு குசினியில் நான் மோசமில்லை. ஆனால் கடையில் வாங்கி வைத்திருந்த தேங்காயை உடைத்தால் உள்ளே அழுகல். கடைகள் பூட்டு. அரிசி கொதிக்கிறது. புளிக்கு வாங்கும் தேசிக்காயை வாடாமல் ஈர மண்ணில் புதைத்து வைக்கிற மண் சட்டி மூலையில் இருந்தது. கையை விட்டேன். ஒரு தேங்காய் அகப்பட்டது.

அந்தத் தேங்காய் கத்தியின் பின்புறத்தால் ஒன்பது அடி வாங்கியும் உடையவில்லை. ஒன்பது. எந்தச் செய்தியிலும் ஓர் எண் இப்படிப் பொருந்தாமல் நின்றால் நான் நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. பத்தாம் அடியில் உடைந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

அவள் கோயிலால் வந்து ஒரு வாய் புக்கை சாப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. பால்தான் காணாது. எந்தத் தேங்காய்?"

மண் சட்டிக்குள் கிடந்தது என்றேன். அவள் கரண்டியை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அது கட்டிலுக்குக் கீழை கிடந்த காய். வெக்கையிலை வெடிச்சிடும் எண்டு நேற்றுத்தான் மண்ணுக்கை வைச்சனான்."

கிணற்றடியில் காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். திருத்தம் வெளியிட அடுத்த நாள் பத்திரிகை இல்லாத தவறு இது. போட்டி பின்னேரம் நான்கு மணிக்கு. அவள் என்னைத் திட்டவில்லை. கொல்லைக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மேலே எல்லாம் குரும்பையும் இளநீரும். பிறகு மதிலுக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஒண்டு இருக்கு," என்றாள்.

நாங்கள் போனபோது அவர் முன் விறாந்தையில் தன்னுடைய காயைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி நடந்ததை நடந்தபடி சொன்னாள். காய் இல்லாமல் வந்தவர் தோற்றவர் என்று அவர் அப்போதே முடித்திருக்கலாம். முறை அதுதான். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், வெகுநேரம்.

"அண்ணை, நீங்கள் ஆரின்ரை கட்சி?"

உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த முதல் சிரிப்பு. என் மனைவி யன்னல் காயைக் கேட்டாள். அது சாட்சிக்கு வைத்த காய் என்றார் அவர். சாட்சியும் என்ரை மரத்திலையிருந்துதானே வந்தது என்றாள் அவள்.

அவர் யோசித்தார். எனக்கு அவருடைய யோசனை தெரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் யோசித்தேன். சீற்றை உடைத்தும் காய் உடையவில்லை என்பது பெரிய காரியமில்லை; மட்டையோடு விழும் காய் உடையாது. மூன்று மாதம் சும்மா கிடந்த காய் உள்ளே முளைவிட்டிருக்கலாம். முளைத்த காயின் கண் இளகிவிடும். அடி தாங்காது. அவர் எழுந்து காயை எடுத்தார். கொல்லையில் நட்டிருந்த இரும்பு அலவாங்கில் தானே குத்தி உரித்தார். எதிராளியின் காயைத் தன் கையால் உரித்துக் கொடுப்பவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. காதடியில் வைத்து ஆட்டினார். தண்ணீர் கேட்டது. முளை இல்லை. பிறகு மொளியால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றது.

அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். இன்னொரு முறை தட்டினார். ரீச்சரிடம் நீட்டினார்.

நான்கு மணிக்கு முன்றிலில் நிற்க இடமில்லை. வேலிக்கு மேலேயும் தலைகள். கோயில் ஐயரும் மணியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். காசு சுண்டியதில் முதல் அடி பக்கத்து வீட்டுக்காரருக்கு. மனைவி குழியில் காயை இருத்தி மண்ணை அணைத்தாள். அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். கை மேலே போய் வந்தது. கல்லில் கல் மோதிய சத்தம். இரண்டு காயும் முழுசு.

அவளுடைய முறை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அடி சறுக்கி, காய் கையை விட்டுப் பாய்ந்து ஐயரின் காலடிக்குப் போனது. ஐயர் ஒதுங்கினார். முன்றில் சிரித்தது. ரீச்சர், கணக்குப் பிழைச்சுப் போச்சு என்று யாரோ சொன்னார்கள். அவள் போய்க் காயை எடுத்து, தூசி தட்டி, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை.

அவருடைய இரண்டாவது அடி முதல் அடியைவிடப் பலம். காய் குழிக்குள் இன்னும் அரை அங்குலம் இறங்கியது, அவ்வளவுதான். அவளுடைய இரண்டாவது அடி இம்முறை நடுவில் விழுந்தது. அவர் குனிந்து தன் காயை எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். காயின் பிடியை மாற்றினார். கையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன், ஓர் எழுத்தும் எழுதவில்லை.

மூன்றாவது முறை ஓங்கினார். சத்தம் வேறுமாதிரிக் கேட்டது. அவர் கையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. ஒரு பாதி உள்ளங்கையில் நின்றது, மற்றப் பாதி மண்ணில் உருண்டது. குழிக்குள் எங்கள் மரத்துக் காய் அசையாமல் இருந்தது.

யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. ஐயர் மணியை அடித்தார். அது பூசைக்கான நேரமில்லை. மனைவி குனிந்து காயைத் தோண்டி எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் கையிலிருந்த பாதியில் மிஞ்சிய தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"மரம் நிக்கட்டும் ரீச்சர். ஆனால் பிள்ளை வாறதுக்கு முதல் வழி பாக்கவேணும்."

"நாளைக்கே," என்றாள் அவள்.

அடுத்த நாள் அவர் லொறிக் காலத்து உருக்குக் கம்பியைக் கொண்டு வந்தார். எங்கள் பக்கத்து வேம்போடு தென்னையை இழுத்துக் கட்டினோம். குருநகரில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய மீன்வலை வாங்கி வந்து, கூரைக்கு மேலே நான்கு கப்புத் தூண்களில் இரண்டு மடிப்பாக விரித்தோம். கப்புகள் எங்கள் செலவு, வலை அவருடையது. காய் முற்ற முன்பே இறக்குவதென்றும் பேசிக்கொண்டோம். அன்று மத்தியானம் மதிலுக்கு மேலால் நண்டுக் குழம்பு வந்தது. அவருடைய உடைந்த காயைத் துருவிய சம்பல் அந்தப் பக்கம் போனது. நல்ல தேங்காய். பாலும் நிறைய.

பிள்ளை வைகாசியில் வந்தது, பெண். ஆனியில் ஒரு நாள், மரமேறுகிறவர் தவற விட்ட காய் ஒன்று விழுந்தது. தொப்பென்று ஒரு சத்தம். இரண்டு வீட்டாரும் ஓடினோம். நான் கடைசி. வலை தாழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது, காய் அதன் நடுவில். அறைக்குள் பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரை. பக்கத்து வீட்டுக்காரர் ஏணியை வைத்து ஏறிக் காயை எடுத்தார். இறங்கவில்லை. ஏணியில் நின்றபடியே காதடியில் வைத்து ஆட்டினார்.

"ரீச்சர், இது என்ரை வலையிலை விழுந்த காய்."

"என்ரை மரத்துக் காய்," என்றாள் மனைவி கீழே நின்று. "இறங்குங்கோ."

"அடுத்த வருசத்துக்கு எனக்கு வேணும்."

"முதல் இறங்குங்கோ. பிறகு கதைப்பம்."

அவர் இறங்கினார். காயைக் கொடுக்கவில்லை. இருவரும் மாமர நிழலுக்குப் போய், அதை மாறி மாறி வாங்கிக் காதடியில் வைத்துப் பார்த்தார்கள். என்னிடம் யாரும் தரவில்லை.