ஆறு பத்திலிருந்து ஆறு நாற்பது வரை

எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அக்கா சொல்வாள். இருபத்தொரு வருடமாக ஒரே அலுவலகம், ஒரே வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருள் எந்த இடத்தில் உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பது. உடைந்தால் அவளுக்கு நல்ல நாள். உடையாவிட்டால் சந்தேகம்.

எங்கள் வகுப்பிலேயே மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா; மற்றவர்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். சனி ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் முதுநிலைப் பட்டம் அது. மென்பொருள் பொறியியலையும் தொழில்முனைவையும் ஒன்றாகக் கட்டியது. காலையில் எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். மதியத்துக்கு மேல் எழுதியதை விற்கக் கற்றுக்கொடுப்பார்கள்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்வாங்கல்ல? இங்க எது ஆறு, எது சேறுன்னே ரெண்டு வருஷமாத் தெரியல" என்பாள், கடைசி பெஞ்சிலிருந்து.

கடைசி பெஞ்ச்தான் அவளுக்கு வசதி. உட்கார்ந்ததும் செருப்பிலிருந்து காலை விடுவித்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை அலுவலகம் அவள் முகத்திலிருந்து இன்னும் இறங்கியிருக்காது. அவள் மகளுக்கும் அந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. "நீ எத்தனை மார்க் வாங்கினாலும் நான் திட்டமாட்டேம்மா" என்று மகள் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு கொட்டாவியில் போய் முடிந்தது.

கடைசிப் பருவத்தில் இருவர் சேர்ந்து ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். அவளை யாரும் கூப்பிடவில்லை. என்னையும் யாரும் கூப்பிடவில்லை. அப்படித்தான் நாங்கள் ஓர் அணி ஆனோம்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் ஃபோர்மேன். அவருக்குக் கீழே பத்து மெக்கானிக்குகள். ஒரு கட்டடத்தில் போன வாரம் ஒருவன் என்ன பார்த்தான், எதை மாற்றினான் என்பது இந்த வாரம் போகிறவனுக்குத் தெரிவதில்லை. அதை ஃபோனிலேயே பதிந்துவைக்க ஓர் ஆப். யோசனை அவளுடையது, எழுதியது நான், உடைத்துப் பார்த்தது மறுபடியும் அவள். பதினொரு பாஸ்வேர்டுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஆளுக்கொன்றாகக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினாள்.

விதி ஒன்றுதான். குறைந்தது பத்துப் பேர், எட்டு வாரம் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதே பருவத்தை மறுபடி படிக்க வேண்டும்.

எனக்கு இருபத்தாறு வயது. மறுபடி படித்தால் ஆறு மாதம் போகும், அவ்வளவுதான். அக்காவுக்கு நாற்பத்து மூன்று. சோதனைப் பிரிவை வருடக் கடைசியோடு மூடப்போவதாக அவள் அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருந்தார்கள். இந்தப் பட்டம் கையில் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு பிரிவில் இடம். சான்றிதழ் வருடம் முடிவதற்குள் வந்தாக வேண்டும்.

ஞாயிறன்று மதிப்பீடு. முந்தைய நாள் மதியம், ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும் கடைசிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவு வந்திருக்கு?"

"பதினொரு பேர். எட்டு வாரம். முந்நூத்தி நாப்பது பதிவுக்கா."

"நடுவுல ஒருத்தன்கூட நிறுத்தலையா?"

"இல்லக்கா."

அவள் முகம் சுருங்கியது. "அப்போ நாமதான் எங்கயோ சரியாப் பாக்கலடா தம்பி."

திரையைத் தன் பக்கம் திருப்பினாள். நேரவாரியாக அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன். மெக்கானிக்குகள் காலையிலிருந்து கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவர்கள். பதிவு பத்து மணிக்கும் வரலாம், மூன்று மணிக்கும் வரலாம். இங்கே முதல் வாரத்தைத் தவிர எல்லாமே மாலை ஆறு பத்திலிருந்து ஆறு நாற்பதுக்குள் இருந்தன. ஒருவர் வெளியேறிய இருபதாவது விநாடியில் அடுத்தவர் நுழைந்திருந்தார்.

"எந்த ஃபோன்லேர்ந்து வந்திருக்குன்னு பாரு."

முதல் வாரத்தில் ஐந்து ஃபோன்கள் இருந்தன. அதற்குப் பிறகு ஏழு வாரமும் ஒரே ஃபோன்.

"ஆறு பத்துக்கு அவர் பஸ் ஏறுவார்" என்றாள் அக்கா. "ஆறு நாப்பதுக்கு எங்க ஸ்டாப்."

அங்கேயே அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். இன்னொரு ஆளும் கேட்டால்தான் தன் காதையே நம்புவாள் போல.

"ஏங்க, வேலையா இருக்கீங்களா?"

"பதினாலாவது மாடி. ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்க, இப்பதான் வெளியே எடுத்தோம். சொல்லு."

"நம்ம ஆப்ல எத்தனை பேர் போடறாங்க?"

எங்கோ இரும்புக் கதவு மூடும் சத்தம் கேட்டது. "எல்லாரும்தான்."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"ஃபோன்ல எப்படிம்மா முகத்தைப் பாக்கறது?"

"அதான் பாக்காமலே தெரியுதே."

அவர் பெருமூச்சு விட்டார். "முதல் வாரம் நாலு பேர் போட்டாங்க. கையெல்லாம் கிரீஸ், ஃபோனை எடுத்தா வழுக்குது. மேல மெஷின் ரூம்ல சிக்னலும் கிடையாது. அப்புறம் ஒருத்தன் கேட்டான், 'நாங்க எத்தனை மணிக்கு வந்தோம், போனோம்னு ஆபீஸுக்குக் காட்டிக்கொடுக்கத்தான் அண்ணி இதைப் பண்ணாங்களா?'ன்னு. அதோட நின்னுபோச்சு. பழையபடி மெஷின் ரூம் கன்ட்ரோல் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் பென்சிலால கிறுக்கிட்டுப் போயிடறானுங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வந்து செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியில தூங்கற. எந்த நேரத்துல சொல்றது?"

"எழுதினது எல்லாம் கதையா?"

"சேச்சே! கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு, இன்னைக்கு என்ன கோளாறு, என்ன மாத்தினேன்னு கேட்டுத்தான் போட்டேன். அதுல ஒரு எழுத்து பொய் இல்ல."

"சரி. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"முதல்ல சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர், அதில் வரிசையாகக் குளிர்சாதனப் பெட்டிகளின் முதுகுகள், ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டும் தண்ணீர்.

"பதிவெல்லாம் உண்மைதானேக்கா" என்றேன்.

"பதிவு உண்மை. ஆளுங்கதான் பொய்." என் பக்கம் திரும்பினாள். "வெளியே யாருக்கும் தெரியாது. சொன்னா உன் மார்க்கும் சேர்ந்துதான் போகும். நீ சொல்லு."

"நீங்க சொல்றதுதான்க்கா."

"இது பதிலா? கழுவற மீன்ல நீ நழுவற மீன்டா."

எனக்குக் காது சூடானது. "ஆள் ஒண்ணுன்னே போட்டுடுங்க" என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழிகாட்டி, துறைத் தலைவர், புதுத் தொழில்களில் முதலீடு செய்யும் ஓர் அம்மாள். மற்ற அணிகளெல்லாம் ஏறுமுகமான வரைபடங்களோடு வந்திருந்தன. அக்கா படம் எதையும் காட்டவில்லை.

"பயனர் பதினொண்ணுன்னு உங்க கையில இருக்கற தாள்ல இருக்கு. அதை ஒண்ணுன்னு திருத்திக்கோங்க. அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர்."

பிறகு பன்னிரண்டு நிமிடம், எங்கள் ஆப் எங்கெங்கே வேலைக்காகவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிரீஸ். சிக்னல். காட்டிக்கொடுக்கும் பயம். பென்சில் எப்படி எங்களை ஜெயித்தது என்பது. இருபத்தொரு வருடமாக மற்றவர்களின் வேலைக்குப் பிழைப் பட்டியல் எழுதிய அதே குரலில், அலுப்பாக, தெளிவாக.

"அப்போ உங்க பொருள் ஆப் இல்ல. உங்க வீட்டுக்காரர்தான்" என்றார் முதலீட்டு அம்மாள்.

"ஆமா மேடம். கையிருப்பு ஒண்ணே ஒண்ணுதான். பெருக்க முடியாது."

அறை சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஏதோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வருஷம் நான் கேட்டதிலேயே நல்ல அறிக்கை இதுதான்மா. ஆனா பத்துப் பேர்ங்கறது விதி. நான் என்ன செய்யட்டும்? அடுத்த பருவம் வாங்க."

"சரிங்க சார்" என்று காகிதங்களை அடுக்கிக்கொண்டாள்.

வராந்தாவில் தண்ணீர் குடித்தாள். "வேலை போகப்போகுதுங்கறதுகூட அப்புறம்தான்டா ஞாபகம் வந்தது. மறுபடி முதல்லேர்ந்துன்னு கேட்டதும் முட்டிதான் முதல்ல வலிச்சுது."

வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். விடுமுறை நாளிலும் சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது.

"என்னாச்சு?"

"மறுபடியும் படிக்கணும்."

அவர் தலையைக் குனிந்தார். "நான்தான் கெடுத்துட்டேன்."

"நீங்க எங்க கெடுத்தீங்க? நாங்க பண்ணதை எவனும் தொடல. அதைத் தெரிஞ்சுக்க ஏழு வாரம் லேட்டாச்சு, அவ்வளவுதான்."

"கோபமா இருக்கியா?"

"கோபப்படணும்னா உக்காந்துதான் கோபப்படணும். பஸ்ல இடம் கிடைக்குதா பாருங்க."

வருடக் கடைசியில் அவள் பிரிவை மூடினார்கள். கடைசி நாளன்றும் பதினான்கு பிழைகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதையெல்லாம் யார் சரிசெய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

புது வருடத்தின் முதல் சனிக்கிழமை, எங்களுக்கு அடுத்து வந்த மாணவர்களோடு எங்களையும் உட்கார வைத்தார்கள். அக்கா உள்ளே நுழைந்ததும், ஆசிரியர் என்று நினைத்து வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

"உக்காருங்கப்பா, உக்காருங்க. நான் ஃபெயிலானவ."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆசிரியர் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் கையை மடக்கி, அதன்மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.