கூறைத் தட்டை ஏற்றிய குட்டைக் கார்

என் பழைய கார் தரையோடு ஒட்டி ஓடினால் நானும் கொஞ்சம் இளமையாகத் தெரிவேன் என்று நினைத்தேன். அதற்காக வவுனியாவில் கம்பனிப் பெயரே இல்லாத நாலு குட்டை ஸ்பிரிங்கை மலிவாக வாங்கிப் பூட்டக் கொடுத்தேன்.

"அண்ணை, ஆள் ஏறினா இது இன்னும் பதியும்," என்றார் மெக்கானிக்.

"ஆர் ஏறப் போகினம்? நான் மட்டும்தானே," என்றேன்.

அடுத்த வாரம் மனைவியின் தம்பிக்குக் கலியாணம். பெண் வீடு தண்ணீரூற்றில். தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டு என் காரில்தான் வரவேண்டும் என்று நானே அடம்பிடித்தேன். தட்டோடு மனைவி முன்னால் ஏற, மாமியும் அவருடைய இரண்டு தங்கைமாரும் பின்னால் ஏறினார்கள்.

பெண் வீட்டுக்குப் போகும் கிரவல் ஒழுங்கையில் முதல் மதகு மேட்டிலேயே காரின் அடி தட்டியது. எல்லோரும் இறங்க, வெறுங்காரை மெல்ல ஏற்றிக் கடத்தினேன். பிறகு எல்லோரும் ஏறினார்கள். மூன்றாவது மதகில் பின் ஸ்பிரிங் உடைந்து கார் ஒரேயடியாகக் குந்திவிட்டது. முகூர்த்தத்துக்குக் கால் மணித்தியாலம்தான் இருந்தது.

"தம்பி, கார் எண்டு சொல்லிப்போட்டு எங்களை நடத்தியெல்லோ கொண்டுவாறியள்!" என்றார் மாமி, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி.

வைக்கோல் ஏற்றிவந்த ஒருவர் இரங்கி, தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் இடம் கொடுத்தார். தாலி வைக்கோலின் மேல் ஏறி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டியில் எனக்கு இடமில்லை.

அங்கே தாலி கட்டும்போது நான் இங்கே மதகில் உட்கார்ந்து மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கனக்கப் பதிஞ்சிட்டுதோ அண்ணை?"

"ஓம். இனிப் பதிய இடமில்லை. வாரும்."