கடத்தூரில் பெய்த ஹங்கேரி மழை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஹங்கேரி சினிமாவைப் பற்றி இந்த மாவட்டத்தில் என்னோடு பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. பேச வந்தவர்களே கிடையாது என்பது வேறு விஷயம்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்து ஆரம்பித்தவன் நான். பிறகு ரீல் சுற்றினேன், பிறகு ஆபரேட்டர் ஆனேன், முப்பது வயதுக்குள் சொந்தமாக ஒரு டூரிங் டாக்கீஸுக்கு முதலாளி ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஆறு மாதம், கடத்தூரில் ஆறு மாதம் என்று கூடாரத்தைப் பிரிப்பதும் கட்டுவதுமாக எழுபதுகளில் பாதியை ஓட்டினேன். ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அதனால் என் கொட்டகையில் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. கடலை விற்கிறவர்களுக்கு என்மேல் தனி மரியாதை உண்டு.

நான் சொல்லும் வருஷம் கடத்தூரில் மழை இல்லை. அதற்கு முந்தின வருஷமும் பெயருக்குத்தான் பெய்தது. ஊரில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். வைக்கோலில் கொடும்பாவி கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மார்பில் அடித்து ஒப்பாரி வைத்து, எல்லையில் கொண்டுபோய் எரித்தார்கள். வானம் அசையவில்லை. கொடும்பாவிக்கும் இரங்காத வானம் என்றால் யாரோ மழையைக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதற்குச் சந்தேகப்படுவது இரண்டே பேரை. ஒருவன் செங்கல் சூளைக்காரன், இன்னொருவன் கூடாரம் போட்டுப் பிழைப்பவன். மழை பெய்தால் இருவருக்கும் நஷ்டம். சூளைக்காரர் உள்ளூர்க்காரர், பெரியதனக்காரருக்கு மைத்துனர் முறை. மிச்சம் இருந்தது நான்.

பெரியதனக்காரர் என்றால் ஊர் நியாயம் சொல்பவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும். நாலு பேரோடு ஒரு நாள் சாயங்காலம் கொட்டகைக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"ஏப்பா, ஊருல பேசிக்கறாங்க. அமாவாசைக்குள்ள கொட்டாயப் பிரிச்சுக்க."

"நான் என்னாங்க பண்ணேன்?"

"நீ பண்ணியோ பண்ணலியோ. நீ வந்த நாளா ஒரு சொட்டு இல்ல."

"நான் வர்றதுக்கு முந்தியும்தான் இல்லீங்க."

"முந்தி இல்லாததுக்கு முந்தி இருந்தவன் ஜவாப்பு சொல்லுவான். நீ ஒன்னோடதுக்குச் சொல்லு."

நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன். வாய் இல்லாதவன் அல்ல நான். ஆனால் ஒரு விஷயம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. தினமும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் திரைக்குக் கற்பூரம் காட்டும்போது, 'சாமி, இன்னிக்கு ராத்திரி வரைக்கும் மழை வேணாம்' என்று நான் வேண்டிக்கொள்வதுண்டு. டூரிங் டாக்கீஸ்காரன் எவனும் அப்படித்தான் வேண்டுவான். ஒரு ராத்திரிக்குத்தான் கேட்டேன். தினமும் கேட்டதால் இரண்டு வருஷக் கணக்காகிவிட்டதோ என்று எனக்கே ஒரு சந்தேகம்.

அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. கொட்டகை பிரிகிறது என்று படம் அனுப்பும் சேலம் கம்பெனிக்குச் செய்தி போய்விட்டது போல. புதுப்படப் பெட்டி வரவில்லை. ஒரு நாள் கொட்டகை இருண்டு கிடந்தாலும் நான் ஏற்கெனவே போய்விட்டதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் தருமபுரியிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். தாடி, ஜோல்னாப் பை. உலக சினிமா பார்க்க ஒரு சங்கம் வைத்திருக்கிறாராம். தருமபுரியில் எந்தத் தியேட்டரும் அவருக்கு இடம் தரவில்லையாம்.

"ஹங்கேரிப் படம்ணே. பெட்டி பெங்களூர்லருந்து ரயில்ல வருது. ஒரே ஒரு ஆட்டம். ஜனங்களுக்கு இலவசம்."

"சண்டை இருக்குங்களா?"

"இல்ல."

"பாட்டு?"

"இல்ல."

"சிரிப்பு?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "அந்த நாட்டுப் படத்துல அதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாதுண்ணே. இருட்டு, வறுமை, நம்பிக்கை செத்துப்போன மனுஷங்க. சமூகத்தோட விரக்தி. நம்ம ஜனங்க தங்களோட விரக்தியைத் திரையில பார்க்கணும்."

"அதைத்தான் சார் பகல் பூரா பாக்கறாங்க. அதை மறக்கத்தான் இங்க வர்றாங்க."

ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இலவசம் என்றால் ஊரே வரும், பெரியதனக்காரரும் வருவார். படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து என் நியாயத்தை எடுத்து வைக்கலாம். மைக் என் கையில் இருந்தால் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. இந்த யோசனையை வாத்தியாரிடம் சொல்லவில்லை. அவருக்கு அவர் ஹங்கேரி, எனக்கு என் கூடாரம்.

ஊரே வந்தது. மணலில் உட்கார இடமில்லை. நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். முன்னால் ஒற்றை நாற்காலியில் பெரியதனக்காரர். வாத்தியார் மைக்கில் பத்து நிமிஷம் பேசினார். 'குறியீடு' என்று மட்டும் பலமுறை சொன்னார். பிறகு விளக்கை அணைத்தேன்.

திரையில் மழை.

சும்மா மழை இல்லை. கறுப்பு வெள்ளையில், மொரப்பூர்ப் பக்கம் போலத் தட்டையான பூமியில், ஓடு போட்ட ஒரு வீட்டின்மேல் அடைமழை. பாதை முழுக்கச் சேறு. ஒரு குதிரை நனைந்துகொண்டு நிற்கிறது. ஜன்னலோரம் ஒரு ஆள் மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி உருளைக்கிழங்கு உரிக்கிறாள். ஒலிபெருக்கியிலிருந்து மழைச் சத்தம் கூடாரம் முழுக்கக் கொட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தர் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கடலை விற்கிற அம்மா ஒரு சத்தம் போட்டாள். "ஏங்க கொட்டாய்க்காரரே! எங்கூரு மழையெல்லாம் இந்தப் பொட்டியிலதான் போட்டு அடச்சு வெச்சிருக்கீங்களா?"

கூடாரம் அதிரச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வேர்த்தது. அவள் கேலியாகச் சொன்னதை நாளைக்கு நாலு பேர் நிஜமாகச் சொல்வார்கள்.

படம் அசையவில்லை. ஜன்னலோரத்து ஆள் பார்த்துக்கொண்டே இருந்தான். மழை பெய்துகொண்டே இருந்தது. எங்கள் ஜனங்களால் தாங்க முடியவில்லை.

"இன்னாய்யா இவன், ஒக்காந்தே இருக்கான்? ஏர் பூட்ட வேண்டியதுதான?"

"அந்தக் குருதைய ஏர்ல கட்டுடா, ஈரம் போயிரப் போவுது!"

"இந்தப் பதத்துல சோளம் போட்டா முட்டி ஒசரத்துக்கு வரும்டா. எந்திரிடா சோம்பேறி!"

வாத்தியார் மைக்கைப் பிடித்தார். "அமைதியா இருங்க. இந்த மழை அவனுடைய மனச்சோர்வின் குறியீடு..."

"என்னாவாம்?" என்றார் பெரியதனக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்து.

"அவனுக்கு மனசு சரியில்லீங்களாம்."

"இவ்ளோ மழை பேயறப்ப மனசுக்கு என்ன கேடு?"

முதல் இடைவேளையில் வாத்தியார் முகம் சுண்டிப் போயிருந்தது. பின்னாளில் அவர் புண்ணியத்தில் சேலத்தில் மேலும் மூன்று ஹங்கேரிப் படங்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் மழை, சேறு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். எவனும் எவனையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அழுவதற்கு அவர்களிடம் தண்ணீர் வசதி நன்றாக இருந்தது. அதனால் சொல்கிறேன், அன்றைக்கு எங்கள் ஜனங்கள் கேட்டது சரியான கேள்வி. அந்த ஆள் ஏன் எழுந்திருக்கவில்லை?

பெரியதனக்காரரும் அதைத்தான் கேட்டார். "அவன் ஏன் ஏர் பூட்டலைன்னு அந்த வாத்தியாரக் கேட்டுச் சொல்லு. இல்லாட்டி நான் வூட்டுக்குப் போறேன்."

கேட்டேன். வாத்தியார் அலுப்போடு சொன்னார். "அதுக்குத்தாண்ணே படமே. சர்க்கார்ல அவன் நிலத்தைப் பொதுப்பண்ணையில சேர்த்துட்டாங்க. மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. ஏர் பூட்ட அவனுக்குன்னு நிலமே இல்ல."

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்? குறியீடு குறியீடுன்னீங்களே!"

மைக்கை நான் வாங்கிக்கொண்டேன். "இதப் பாருங்க. அந்தாளு சோம்பேறி இல்ல. அவனோட நெலத்தப் புடுங்கிட்டாங்க. வூட்டுக்கே வந்து, பயமுறுத்தி, கையெழுத்து வாங்கிட்டாங்க. ஜன்னல்ல பாக்கறானே, அந்தக் காடு கழனி பூரா அவனோடது. மழை பேயுது. ஆனா எறங்க முடியாது. அவ்ளோதான் கதை."

ஒரு வரிகூட விடாமல் மொத்த ஹங்கேரியையும் அதில் அடக்கிவிட்டேன். வாத்தியார் தலையாட்டினார், பாராட்டாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு கடலை உரிக்கிற சத்தம்கூட இல்லை. மழையை யாரும் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்கள். அவன் ரயில் நிலையம் வரை நடந்து போகிறான், திரும்பி வருகிறான். சாராயம் குடிக்கிறான். குதிரையை யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள், வாசலில் நின்று பார்க்கிறான். பெண்டாட்டி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி ரீலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அதே மழையில் காட்டுக்குப் போகிறான். சேற்றில் முழங்கால் போட்டு எதையோ தோண்டுகிறான். மேலே வந்தபோதுதான் தெரிந்தது, எல்லைக்கல்.

"ஐயோ, கல்லப் புடுங்கறானே!" என்று கடலைக்கார அம்மா அலறினாள்.

எங்கள் பக்கத்தில் எல்லைக்கல்லைத் தொடுகிறவன் கையை வெட்டுவார்கள். தன் கல்லைத் தானே பிடுங்குகிறவனை யாரும் பார்த்ததில்லை. அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழுக்கி விழுந்து, மறுபடி தூக்கிக்கொண்டு, பாதையோடு போகிறான். போகிறான், போகிறான், புள்ளியாகிறான். திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டேன்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த ரீலைப் போடுங்க" என்றார் ஒருவர்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றார் வாத்தியார்.

"கல்ல எங்க கொண்டுபோய் நட்டான்?"

"அதைச் சொல்ல மாட்டாங்க. நாமதான் யோசிக்கணும்."

"யோசிக்கறதுக்கு எங்களுக்கு வேற ஒண்ணுமே இல்லன்னு நெனச்சா வந்தீங்க?"

இதுதான் சமயம் என்று மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினேன். நாலு நாளாக மனப்பாடம் செய்த பேச்சு. "ஊர்ப் பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

பெரியதனக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீ சும்மா இரு."

மைக்கை இறக்கினேன்.

"அந்தூருல மழைக்குக் கொறச்சலில்ல" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து. "இருந்தும் ஒரு குடியானவன் கல்லத் தூக்கிட்டுப் போறான். இங்க மழை இல்லாமப் போறான். போறது போறதுதான். இதுல இவன் மழையக் கட்டினானாம்! இவனப் பாருங்க, மழையக் கட்டற மூஞ்சியா இது? கூடாரத்து முளைக்குச்சியே இவனுக்கு நேரா அடிக்கத் தெரியாது. அவ்ளோ யோக்கியதை இவனுக்கு ஏது? கொட்டாய் இருக்கட்டும்."

கூட்டம் ஆமாம் போட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். எதுவும் பிழைப்பைக் காப்பாற்றியதில்லை. யோக்கியதை இல்லை என்று ஒருவர் சொன்ன வார்த்தைதான் காப்பாற்றியது. முளைக்குச்சி விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது பொய்.

வாத்தியார் காலையில் பெட்டியோடு பஸ் ஏறினார். "ஜனங்களுக்குப் படம் புரியலைண்ணே" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. படித்தவர்.

அமாவாசை வந்தது, போனது. கொட்டகை நின்றது. சேலத்திலிருந்து புதுப்படமும் வந்தது, எட்டுப் பாட்டோடு. பார்க்கத்தான் ஆளில்லை. ஹங்கேரிப் படம் போட்ட பத்து நாளுக்குள் ஊர் காலியாக ஆரம்பித்தது. பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குக் கொஞ்சம் பேர், குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குக் கொஞ்சம் பேர். கடலைக்கார அம்மா குடும்பத்தோடு குடகு பஸ் ஏறினாள். "அங்க மழ உண்டாம்ல?" என்று என்னிடம் கேட்டாள். உண்டு என்றேன். "நெலந்தான் நம்முது இல்ல" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கி மேலே கொடுத்தாள். என் படத்தைப் பார்த்துத்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். எப்படியும் போயிருப்பார்கள். ஆனால் போகிறவர்கள் யாரும் வெட்கப்பட்டுக்கொண்டு போகவில்லை. அதற்கு வேண்டுமானால் நான் காரணமாக இருக்கலாம்.

கடைசியில் ஒரு நாள் ஆறு பேருக்குப் படம் ஓட்டினேன். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரிக்க முடிவு செய்தேன். யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பினேன். அதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

நடுக்கம்பத்தை இறக்க ஆறு பேராவது கயிறு பிடிக்க வேண்டும். நானும் என்னிடம் ரீல் மாட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர் பையனும்தான் இருந்தோம். ஊருக்குள் போய்க் கூப்பிட்டால் பூட்டிய கதவுகள். யாரோ சொல்லிப் பெரியதனக்காரரே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அந்த மாதிரி வேலை செய்து பழக்கமில்லாதவர். "விட்டுடாதீங்க, மெல்ல, மெல்ல!" என்று அவரைக் கூலி ஆளை அதட்டுவது போல அதட்டினேன். சொன்னபடியே கயிற்றை மெல்ல விட்டார். கித்தான் ஒருவழியாகத் தரைக்கு வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கம்பக் குழிகளைப் பார்த்தார். "குழியெல்லாம் மூடிட்டுப் போப்பா. மாடு கால உட்டுரும்" என்றார்.

ஊரில் ஒரு மாடுகூட மிச்சமில்லை. எல்லாம் சந்தைக்குப் போய் மாதம் ஒன்றாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

ஒரு குழி விடாமல் மூடினேன்.