மேஸ்திரிக்குத் தெரிந்த என் தேதி

எனக்கு மாதவிலக்கு எந்தத் தேதியில் வரும் என்பது எங்கள் உப்பளத்தில் வேலை செய்த முப்பது பேருக்கும் தெரியும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மரக்காணம் பக்கத்து அளங்களில் எல்லா இடத்திலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. நானும் என் மாமியாரும் கூலிக்குப் போன பாத்திகளில் இதுதான் வழக்கம். விலக்கான பெண் பாத்திக்குள் காலை வைக்கக் கூடாது. வைத்தால் உப்பு கட்டாதாம், கட்டினாலும் பழுப்பேறிப் போகுமாம். அதனால் நாலு நாள் வீட்டில் கிடக்க வேண்டும், அந்த நாலு நாளைக்குக் கூலியும் கிடையாது. யார் வரவில்லை என்று பார்த்தாலே யாருக்கு என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் மேஸ்திரியிடம் அவருடைய சொந்த மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால் வானத்தைப் பார்த்து யோசிப்பார். என் தேதியை மட்டும் காலண்டர் பார்க்காமலே சொல்வார். எதற்கெல்லாம் ஞாபகசக்தி பாருங்கள்.

பதினாலு வயதிலிருந்தே எனக்கு அந்த வலி உண்டு. எல்லாருக்கும் வருகிற வலிதானே என்று எல்லாரும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார், பங்குக் கோயில் சிஸ்டர் சொன்னார், கல்யாணமான பிறகு மாமியார் சொன்னார். எல்லாருக்கும் வருகிற வலியில் எல்லாரும் வாந்தி எடுத்துக் கக்கூஸ் தரையில் சுருண்டு கிடக்கிறார்களா? ஒரு தடவை தேதிக்கு முந்தின நாளே வலி வந்து, உப்புக் கூடையோடு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா நடிப்புடி இது. நானும் பொம்பளதான், நானும் முப்பது வருஷமா உப்பு வாரறேன்" என்றார். என் புருஷன் உப்பு லாரி ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னேன். "கேஸா இருக்கும், சோடா குடி" என்றார். ஆறு வருஷம் சோடா குடித்தேன்.

கல்யாணமாகி ஆறாவது வருஷமும் வயிறு திறக்கவில்லை என்றதும்தான் அவர்களுக்குக் கரிசனம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். அந்த டாக்டர் ஒரு ஸ்கேன் எடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல் என் புருஷனைப் பார்த்துப் பேசினார். சினைப்பையில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாம், வலி போய்விடும் என்றார். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. "சரிங்க டாக்டர்" என்று என் புருஷன் தலையை ஆட்டினார். டயர் மாற்றச் சொன்னால்கூட மனுஷன் இரண்டு கடையில் விசாரிப்பார்.

விஷயம் அளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, பெரிய மனசோடு புத்தி சொன்னார்.

"எடுத்துடும்மா. நம்ம அளத்துலயே ரெண்டு பேரு எடுத்துட்டாங்க. இப்ப பாரு, மாசம் பூரா ஒரு நாள் லீவு இல்லாம வர்றாங்க."

அவருக்கு அதுதான் ஆரோக்கியம். என் உடம்பில் ஓர் உறுப்பு இருப்பதா போவதா என்பதை லாரிக்காரரும் மேஸ்திரியும், என் முகத்தைப் பார்க்காத ஒரு டாக்டரும் பேசி முடித்துவிட்டார்கள். என் கர்ப்பப்பையை இவர்கள் கையில் கொடுக்கப் போவதில்லை என்று அந்த வரப்பில் நின்றுதான் முடிவு பண்ணினேன்.

மழைக்காலம் வந்து பாத்தியெல்லாம் தண்ணீரானதும், ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் பாண்டி பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு என் பழைய ஸ்கேனைப் பார்த்தார், பிறகு புதிதாக ஒன்று எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார்.

"இதுக்குப் பேரு என்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கற சவ்வு மாதிரி ஒண்ணு, வெளியில வளருது. சினைப்பை மேல, குடலுக்குப் பக்கத்துல. மாசா மாசம் அதுவும் கசியும், வெளிய போக வழி கிடையாது. அதான் ஒட்டிக்கிட்டு இப்படி வலிக்குது. நீங்க நடிக்கல."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார். எத்தனை பேர் இதே மாதிரி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்களோ. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் திணறடித்தது. "குழந்தை வேணுமா உங்களுக்கு? இப்பவா, அப்புறமா?" இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. ஏன் இன்னும் இல்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வேண்டும், ஆனால் முதலில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றேன். அவர் ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினார். தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, அதைப் போட்டால் மாதவிலக்கு நின்று வலி அடங்கும், ஆனால் போடுகிற வரைக்கும் குழந்தை தங்காது. அதற்கும் அடங்காவிட்டால் ஊசி இருக்கிறது, அது ஐம்பது வயதுக்காரி மாதிரி உடம்பைக் கொதிக்க வைக்கும், எலும்பையும் பதம் பார்க்கும், அதனால் ரொம்ப நாள் போடுவதில்லை. ஹார்மோன் வைத்த வளையம் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம், அதுவும் குழந்தையைத் தள்ளிப்போடத்தான். ஆபரேஷன் என்றால் சின்னச் சின்ன ஓட்டை போட்டு உள்ளே கேமரா விட்டு, கட்டியையும் ஒட்டினதையும் மட்டும் எடுப்பார்கள். சினைப்பை தங்கும், ஆனால் கொஞ்சம் பலம் குறையலாம், கட்டி திரும்பவும் வரலாம்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா போயிடுமா டாக்டர்?"

"அது கடைசி. அப்பவும் வெளியில இருக்கறது மிச்சம் இருந்துச்சுன்னா வலி இருக்கும்."

ஆக, அந்தக் கிளினிக்கில் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தாலும் வலி மிச்சம் இருந்திருக்கலாம். முதலில் மாத்திரை, அடுத்த மழைக்காலத்துக்குள் கட்டி சுருங்காவிட்டால் ஆபரேஷன் என்று நானும் அவரும் பேசி வைத்தோம். வீட்டுக்கு வந்து புருஷனிடம் மாத்திரை அட்டையைக் காட்டினேன். "சத்து மாத்திரையா? சரி சரி" என்று செல்போனைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், அவர் காதில் இயர்போன் ஏறிவிட்டது.

முதல் இரண்டு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது. பிறகு நின்றுவிட்டது. வலியும் நின்றது. தை கழிந்து அளம் தொடங்கியபோது நான் ஒரு நாள்கூட விடாமல் வேலைக்குப் போனேன். இடுப்பு வலி இல்லாமல் கூடை தூக்குவது இவ்வளவு லேசா என்று ஆச்சரியமாக இருந்தது.

இங்கேதான் அந்த மகா அறிவாளிகள் கணக்குப் போட்டார்கள். மாசியில் நான் லீவு போடவில்லை. பங்குனியிலும் போடவில்லை. சித்திரையில் என் தேதி தாண்டியதும் மேஸ்திரி என் மாமியாரிடம் போய்ப் பல்லைக் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் எனக்கு வஞ்சிரம் மீனில் நடுத்துண்டு வந்தது. அந்த வீட்டில் அதுவரைக்கும் எனக்கு வால்தான். மறுநாள் கூடையை என் கையிலிருந்து மாமியார் பிடுங்கிக்கொண்டார். "நீ பலகையால இழுத்து மட்டும் விடுடி, தூக்காத" என்றார். புருஷன் லாரியை நிறுத்தி மாங்காய் வாங்கிவந்தார்.

விஷயம் எனக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதில் என்னையும் நான் விடப் போவதில்லை. ஆறு வருஷம் கழித்து ஒரு நடுத்துண்டு மீன், ஒரு "தூக்காதடி". அதற்காக மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு தின்றேன். கேவலமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். பூசை தொடங்கும் முன்னால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் கருத்துகளை வாசிப்பார், இன்னாருக்காக இந்தப் பூசை, இன்னாருக்காக நன்றி என்று. இரண்டு இறந்தவர்கள், ஒரு வீடு குடிபுகுவது, அதற்கடுத்து காலமான என் மாமனார் பேரைச் சொல்லி, "அவருடைய மருமகள் தாய்மைப்பேறு அடைந்ததற்காக மாதாவுக்கு நன்றி" என்றார். பெண்கள் பக்கம் அத்தனை முக்காடும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றார். இதற்கு மேல் மாதாவிடமும் பொய் சொல்ல எனக்கு வக்கில்லை.

பூசை முடிந்து, மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் வைத்துச் சொன்னேன். "அத்தை, நான் முழுகாம இல்ல. மாத்திரை போடறேன். அதனாலதான் வரல."

"இன்னா மாத்திரை?"

"வயித்துக் கட்டிக்கு. பாண்டி டாக்டர் குடுத்தது."

"புள்ள நிக்காம இருக்க மாத்திரை தின்றியா? அடிப்பாவி!"

கோயில் வாசல் முழுக்கக் கேட்டது. அன்று மத்தியானமே வீட்டில் பஞ்சாயத்து. மாமியார், புருஷன், நடுவில் நாற்காலி போட்டு மேஸ்திரி. என் கர்ப்பப்பை விஷயத்தில் மேஸ்திரிக்கு என்ன நாற்காலி? யாரும் கேட்கவில்லை. "பெக்காத வயிறு இன்னாத்துக்கு? அந்த டாக்டரு சொன்னா மாதிரி எடுத்துப் போடுங்க, ஒழுங்கா வேலைக்காவது வருவா" என்றார் மாமியார். காலையில் நன்றிப் பூசை வைத்த அதே வாய், மத்தியானம் குழந்தை தங்குகிற இடத்தையே வெட்டி எறியச் சொல்கிறது. மேஸ்திரி ஆமாம் ஆமாம் என்றார். புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க."

"அம்மா சொல்றதும் சரிதானேம்மே."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் பேச எனக்கு ஆள் இல்லை. "யாரும் எதையும் எடுக்க வேணாம். எடுக்கறதா இருந்தா நான் சொல்றதைத்தான் எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அதற்குப் பிறகு மீனில் வால் துண்டும் வரவில்லை, வெறும் குழம்புதான்.

மழை தொடங்கினபோது ஸ்கேனில் கட்டி அப்படியேதான் இருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். புருஷன் கையெழுத்து வேண்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உங்க வயிறு, உங்க கையெழுத்து" என்றார். எதை எடுப்பார்கள், எதைத் தொட மாட்டார்கள் என்று தாளில் இருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுத்தான் போட்டேன். கண் விழித்ததும் முதலில் கேட்டது கர்ப்பப்பை இருக்கிறதா என்றுதான். இருக்கிறது, இரண்டு சினைப்பையும் இருக்கிறது, கட்டி போய்விட்டது என்றார் நர்ஸ். புருஷன் சாயங்காலம் லாரியிலேயே வந்தார், கையில் சோடா.

உடம்பு தேறியதும், குழந்தைக்கு முயற்சி பண்ணுவதானால் மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நிறுத்தினேன். மாதவிலக்கு திரும்பவும் வந்தது. வலி வந்தது, ஆனால் நிற்க முடிகிற வலி. குழந்தை இன்னும் நிற்கவில்லை. நிற்குமா என்று தெரியாது, அவரும் உறுதி சொல்லவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் எனக்கு விலக்கான அன்று காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகப் பாத்திக்குள் இறங்கினேன். நாலு நாளும் இறங்கினேன். இழுத்தேன், வாரினேன், கூடையில் தூக்கிக் கொட்டினேன். உப்பு பொலபொலவென்று வெள்ளையாகக் குவிந்தது. ஐந்தாம் நாள் அத்தனையும் லாரியில் ஏறிப் போய்விட்டது. ஓட்டிக்கொண்டு போனது என் புருஷன்தான்.

அன்று மத்தியானம் கீற்றுக் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தோம். மேஸ்திரி டிபன் பாக்ஸைத் திறந்து, குழம்பில் உப்பு பத்தவில்லை என்று அந்தக் குவியலிலிருந்து காலையில் எடுத்து வைத்திருந்த உப்பை ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்த மாசம் லீவு போடல? மறுபடியும் மாத்திரையா?"

"மாத்திரை நிறுத்தி ரொம்ப நாளாச்சு மேஸ்திரி. இந்த நாலு நாளும் பாத்திலதான் நின்னேன். உப்பு எப்படி இருக்குது?"

அவர் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. எழுந்து போய் வரப்பில் துப்பிவிட்டு, நாலு தடவை வாய் கொப்பளித்தார். மாமியார் என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, மேஸ்திரி காதில் விழாத குரலில் சொன்னார்.

"துப்பறான் பாரு. நான் நிக்காத நாளா. மூணு புள்ளைங்களுக்கும் சோறு போடணும், நாலு நாள் கூலிய யாரு உட முடியும். ஒவ்வொரு மாசமும் ரெண்டு நாளு மறைச்சிக்கினு நின்னிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் தூக்கி வீச வேண்டும் போல இருந்தது. "உப்பு கெட்டுச்சா அத்தை?"

"கெடல."

"அப்புறம் இன்னாத்துக்கு என்னுத எடுக்கச் சொன்ன?"

அவர் என் தட்டில் மீன் இல்லாததைப் பார்த்து, தன் தட்டிலிருந்த துண்டை எடுத்து வைத்தார். நான் அதைத் திரும்ப அவர் தட்டிலேயே வைத்துவிட்டுப் பாத்திக்குப் போனேன்.