இறகுக்கு ஒட்டுக் கட்டியவள்

அன்பரசி முப்பது வருஷமாக மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்புவது என் வேலை. அவள் கட்டிய கன்று பட்டுப்போய் நான் பார்த்ததில்லை. பட்டிருக்கிறது என்பார் எங்கள் நர்சரி மேஸ்திரி. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன தை மாதம், மயில் தளிரைக் கொத்தாமலிருக்க அவள் கட்டிய வலையில் ஒரு வல்லூறு சிக்கியது. அடித்துக்கொண்டதில் வலது சிறகின் நீள இறகுகள் மூன்று பாதியில் முறிந்துவிட்டன. வனத்துறை ஜீப் வந்தது. நாங்களும் ஏறிக்கொண்டு, தருமபுரியில் கால்நடை டாக்டர் சோபனாவிடம் போனோம்.

"எலும்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா புது இறகு முளைக்க ஒரு வருஷம் ஆவும். அதுவரைக்கும் கூண்டுதான்," என்றார் டாக்டர்.

அன்பரசி முகம் சுண்டிவிட்டது. "நான் கட்டுன வலைங்க டாக்டரம்மா. ஒரு வருஷம் கூண்டுல கெடந்தா, அது வேட்டைய மறந்துடாதுங்களா?"

டாக்டர் யோசித்தார். "செத்துப்போன வல்லூறோட இறகு எங்கிட்ட இருக்கு. முறிஞ்ச காம்புக்குள்ள மூங்கில் சிம்பு சொருகி, அத இதோட சேக்கலாம். படிச்சிருக்கேன், செஞ்சதில்ல."

"ஒட்டுதானுங்களே?"

டாக்டர் ஆமாம் என்று சிரித்து, கதை சொன்னார். ராஜாக்களுக்கு வல்லூறு பழக்கிய காலத்திலேயே இந்த வேலை உண்டாம். இங்கிலீஷில் அதற்கு இம்ப் என்று பெயராம். அந்தச் சொல் முதலில் மரத்துக்குத்தான் இருந்ததாம். ஒரு மரத்துத் தளிரை இன்னொன்றில் வைத்து ஒட்டுவது. அதைத்தான் பிறகு இறகுக்கும் சொன்னார்களாம். கடலுக்கு அந்தப் பக்கம், பறவையை மடியில் வைத்திருந்த எவனோ ஒருவனுக்கும் மாங்கன்று வேலைதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

பறவையின் தலையைத் துணியால் மூடி டாக்டர் பிடித்துக்கொண்டார். அன்பரசி பழக்கத்தில் காம்பின் தடிமனைப் பார்த்து ஓர் இறகை எடுத்தாள்.

"அது இடது சிறகோடதுங்க அக்கா. வளைவப் பாருங்க," என்றார் டாக்டர்.

"மரத்துக்கு இடது வலது ஏதுங்க," என்று சிரித்து மாற்றிக்கொண்டாள். மூன்றையும் சிம்பு சொருகிப் பசை வைத்து ஒட்டியதும், இடுப்பிலிருந்து ஒட்டுக் கட்டும் பிளாஸ்டிக் நாடாவை உருவினாள்.

"கட்டெல்லாம் வேணாங்க்கா. இறகு நகம் மாதிரி, உயிரில்ல. பசை போதும்."

"கட்டாம எந்திரிச்சா எனக்குச் சோறு எறங்காதுங்க," என்றாள். ஆனாலும் நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை, வல்லூறை நர்சரிக்குப் பின்னால் விட்டார்கள். தாழ்வாகப் போய், சட்டென்று ஏறி, புளியமரத்தைத் தாண்டியது. எது அதன் இறகு, எது செத்த பறவையின் இறகு என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்பரசி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்புறம் போய் வலையை அவிழ்த்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இப்போது காலையும் மாலையும் நாங்களே மயில் விரட்டுகிறோம். வலை எங்கே என்று மேஸ்திரி கேட்கட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.